தேசாதிபதியின் ஆணையும் நீதிமன்றத்தின் வினாவும்

1937ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் ஒரு பொதுக்கூட்டம் கூடிற்று. இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயர் அதிற் பேசினார். கூட்டத்தை நடத்தியோர் 1935ஆம் ஆண்டிறுதியில் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியினர். அன்று மேடையேறியவர்களுள் ஒருவர் வெள்ளையர், இருபத்துநான்கு வயதினர். மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்பது அவர் பெயர். இலண்டனிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த அவ்விளைஞர், முந்திய ஆண்டில் மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்துக்குத் துரைத்தொழில் பழக வந்தார். பழகவேண்டிய தொழிலைப் பழகாது, லயங்களிற் குடியிருந்த தொழிலாளர் படுந்துயரைக் கண்டு அவர் பக்கம் நின்றமையால் வேலையிழந்தார். தோட்டத்தை உள்ளிருந்து கண்ட ஒருவர், அதிலும் துரைமாரின் இனத்தவர், தொழிலாளர் முன்னிலையிலே தோட்டத்தின் நடைமுறைகளைக் கண்டித்துப் பேசினார் என்பது மலைநாட்டில் அதுவரை நிகழாத செயல். துரைமார் சினந்தனர் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஏப்பிரல் 22ஆம் நாள் தேசாதிபதி சேர் றெஜினால்ட் ஸ்டப்ஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். 24ஆம் நாள் மாலை ஆறு மணிக்குள் பிரேஸ்கேடில் இலங்கையை விட்டு நீங்குதல் வேண்டும். 'மூல்தான்' என்னுங் கப்பல் அவருக்கென ஒழுங்கு செய்யப்பட்டது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. கப்பல் புறப்பட்டது; பிரேஸ்கேடில் அதில் இல்லை. அவர் தலைமறைவானார்.

இவ்வாணை எந்தச் சட்டத்தின் வலிமையாற் பிறந்தது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசவை ஒரு கட்டளை இயற்றியது. குடியேற்ற நாடு போர் முதலிய பேரிடர்க்கு உள்ளாகுங் காலத்தில், அதன் பாதுகாப்புக்கென ஆட்களைக் கைது செய்யவும் நாட்டினின்று வெளியேற்றவும் தேசாதிபதிக்கு அதிகாரமளிப்பது அக்கட்டளை. 1914ஆம் ஆண்டு ஓகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டபோது அது இலங்கையில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. போர் 1918இல் முடிந்தது. ஆயினும் கட்டளையை நடைமுறைக்குக் கொணர்ந்த பிரகடனத்தை எவரும் நீக்கினாரல்லர். ஜெர்மானியக் கப்பல்களுக்காகத் தீட்டப்பட்ட வாள் உறையிலிடப்படாமலே இருபத்திரண்டு ஆண்டுகள் தொங்கிக் கிடந்து, ஈற்றில் நாவலப்பிட்டிக் கூட்டமொன்றிற் பேசிய இளைஞன்மீது வீசப்பட்டது. அவசரத்துக்கென வழங்கப்படும் அதிகாரங்களின் இயல்பு இதுவே போலும்: அவசரம் போய்விடும், அதிகாரம் போவதில்லை.

மே மாதம் 5ஆம் நாள் அரசாங்க சபையில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் இவ்விடயத்தை எழுப்பினர். உள்நாட்டலுவல்களுக்குப் பொறுப்பாயிருந்த பதில் அமைச்சரின் ஆலோசனையைப் பெறாது தேசாதிபதி ஆணையிட்டதைக் கண்டிக்குந் தீர்மானம் 34 வாக்குகளால் நிறைவேறிற்று, எதிர்த்தோர் எழுவரே. அன்று மாலையே காலிமுகத் திடலிற் கூடிய பெருங்கூட்டத்தின் நடுவே பிரேஸ்கேடில் திடீரெனத் தோன்றினார். சில நாட்களுக்குள் ஹல்ஸ்டோர்ப்பில் கட்சிச் செயலாளர் வேர்ணன் குணசேகராவின் இல்லத்தில் வைத்துக் கைது செய்யப்பட்டார். ஆட்கொணர்வு எழுத்தாணை வேண்டி உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யப்பட்டது. நாட்டின் தலைசிறந்த அப்புக்காத்து எனப் புகழ்பெற்றிருந்த எச். வி. பெரேரா கட்டணம் பெறாது வாதாட முன்வந்தார்.

பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் வழக்கைக் கேட்டனர். அரசாங்கத்தின் பக்கத்தில் நின்ற வாதம் எளியது: அதிகாரம் எழுத்தில் உள்ளது, தேசாதிபதி அதனைப் பயன்படுத்தினார், ஏன் பயன்படுத்தினார் என்று கேட்க எவர்க்கும் உரிமையில்லை. நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. கட்டளை செல்லாது என்றும் அது கூறவில்லை. கட்டளை அவசர நிலைமைக்கென ஆக்கப்பட்டது. ஆகவே அவசர நிலைமை உள்ளவிடத்தே அதன்கீழ் அதிகாரஞ் செலுத்தலாம். அவ்வாறானதொரு நிலைமை 1937ஆம் ஆண்டு ஏப்பிரலில் இலங்கையில் இருந்ததா? இதுவே நீதிமன்றத்தின் வினா. இல்லை என்பதை அறியச் சாட்சிகள் வேண்டியிருக்கவில்லை. மே 18ஆம் நாள் பிரேஸ்கேடில் விடுதலையானார்.

ஒரு வெள்ளையரின் விடுதலையால் லயத்திலிருந்த தமிழர்க்கு யாது பயன் என்று வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. பிரேஸ்கேடிலுக்காக நாட்டின் தலைசிறந்த சட்ட அறிஞர் முன்வந்தார். காலிமுகத் திடல் திரண்டது. நாவலப்பிட்டியில் அவர் பேச்சைக் கேட்டு நின்ற தொழிலாளிக்கு அத்தகைய துணை ஒன்றும் இல்லை. பெரட்டுக் களத்திற் பெயர் வெட்டப்பட்டால் வேலையும் போயிற்று, குடியிருக்கும் காம்பிராவும் போயிற்று. தோட்டத்துப் பாதையே தனியார் சொத்து. தொழிற்சங்கத்தார் உட்புகுந்தால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றமாயிற்று. கொழும்பு நகரத்தார்க்கு எப்போதோ ஒருமுறை வரும் அவசரகாலம், தோட்டத்தில் ஆண்டு முழுவதும் நிலவிய ஆட்சிமுறையாயிருந்தது எனின் மிகையாகாது. அங்ஙனமாயினும், அதிகாரி தன் ஆணைக்குக் காரணங் காட்டக் கடப்பாடுடையவன் என்னும் நெறி நாட்டின் சட்டத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால், அது யாருடைய வழக்கிற் பதிந்தது என்பது பொருளன்று. பின்வருவோர் யாவரும் அதனைக் கைக்கொள்ளலாம்.

பதிந்த நெறி அழிக்கப்படவும் கூடும் என்பதை அடுத்த பத்தாண்டுகள் காட்டின. 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அவசரம் மெய்யாகவே வந்தது. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னுந் தொழிலாளி மாண்டார். ஆண்டின் நடுப்பகுதியில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா, கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டனர். போரெதிர்ப்பே காரணமெனக் கூறப்பட்டது; தோட்டங்களில் அவர்தம் சங்கம் வேரூன்றத் தொடங்கிய காலமும் அதுவே என்பதை மறத்தலாகாது. இங்கிலாந்திலும் 1941இல் லிவர்சிட்ஜ் என்பவரின் வழக்கில், தடுத்துவைத்த அமைச்சரிடங் காரணங் கேட்கப் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் மறுத்தனர். அற்கின் பிரபு ஒருவரே மாறுபட்டார்.

1947ஆம் ஆண்டு யூனில், பொது வேலைநிறுத்தத்தின் நடுவே, அரசாங்க சபை பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அது. சுதந்திரம் வருமுன்னரே சுதந்திரத்தைக் கட்டுங் கயிறு திரிக்கப்பட்டது. அவசர நிலைமையைப் பிரகடனஞ் செய்யவும், பாராளுமன்றச் சட்டங்களையும் மேலிடும் விதிகளை ஆக்கவும் மகாதேசாதிபதி அதிகாரம் பெற்றார். எல்லாவற்றினும் நுட்பமானது அதன் 3ஆம் பிரிவு: பிரகடனம் நடைமுறையிலிருக்குங் காலத்தில் அவசர நிலைமை மெய்யாகவே இருந்ததா என்பதை எந்த நீதிமன்றத்திலும் வினவுதல் கூடாது. 1937இல் நீதிமன்றம் எழுப்பிய வினா எதுவோ அதே வினா பெயர் சொல்லாது விலக்கப்பட்டது. மதுரையில் வாயிலோன் கண்ணகியை உள்ளே விட்டமையாற்றான் பாண்டியன் தவறு வெளிப்பட்டது. 3ஆம் பிரிவு வாயிற்கதவையே சாத்திவிட்டது.

நீதிமன்றத்தின் வாயில் சாத்தப்பட்டால் எஞ்சுவது பாராளுமன்றம். பிரகடனம் பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்படல் வேண்டும். ஒரு மாதத்தில் அது காலாவதியாகும். விதிகளைச் சபை தீர்மானத்தால் நீக்கலாம். இவை மெய்யான எல்லைகளே. ஆனால் மலைநாட்டு மக்களுக்கு இவ்வெல்லை யாது காவல் செய்தது? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர், நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் அவருட் சிலர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களின் வாக்கைப் பறித்தன. 1952 முதல் 1977 வரை தோட்டத் தொழிலாளரின் வாக்கினால் தெரிவான ஒருவரேனும் சபையில் இல்லை. 1953இன் ஹர்த்தால், 1958இன் இனக்கலவரம், 1961இன் சத்தியாக்கிரகம், 1971இன் கிளர்ச்சி ஆகிய நான்கையும் ஒட்டி எழுந்த அவசரகாலங்கள் யாவும் இக்கால் நூற்றாண்டுக்குள்ளேயே அடங்கின.

இவற்றுள் நெடியது கடைசி. 1971ஆம் ஆண்டு மார்ச்சிற் பிரகடனஞ் செய்யப்பட்டு, கிளர்ச்சி அடங்கிய பின்னும் மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்டு, 1977 பெப்ரவரி வரை நீடித்தது. கிளர்ச்சி சில வாரங்களில் முடிந்தது. அவசரம் ஏறக்குறைய ஆறாண்டுகள் நின்றது. அவ்வாறாண்டுகளின் நடுவில் 1973, 1974 ஆகிய ஆண்டுகள் தோட்டங்களில் பட்டினியின் ஆண்டுகள். அரிசியும் மாவும் அருகின. தோட்டப்பகுதியின் இறப்பு விகிதம் நாட்டின் பிற பகுதிகளினும் மிகுந்து உயர்ந்தது. மலையிலிருந்து இறங்கி நகரத் தெருக்களிற் கையேந்திய குடும்பங்களை அக்காலத்தவர் மறந்தாரல்லர். அதே 1974ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவசரகால விதிகளின்கீழ் ஒரு பத்திரிகை நிறுவனம் முத்திரையிடப்பட்டது. 'தவச' என்னுஞ் சிங்கள நாளிதழோடு 'தினபதி', 'சிந்தாமணி' ஆகிய தமிழ் ஏடுகளும் அதனால் நின்றன. பட்டினியை மறைப்பதற்கே அதனைச் செய்தனர் என்று கூறச் சான்றில்லை. அவ்வாறு கூறுதல் நேர்மையுமன்று. ஆனால் வாக்கில்லாத மக்கள் பசித்திருந்த ஆண்டில், அப்பசியைத் தமிழில் அச்சிடக்கூடிய ஏடுகளிற் சில மூடிக்கிடந்தன என்பது உண்மை. சபையில் வாயில்லை, நீதிமன்றில் வினாவில்லை, பத்திரிகையில் இடங்குறைவு. கொடுங்கோலன் ஒருவன் தோன்றாமலே கொடுங்கோன்மையின் பயன் விளையக்கூடும்.

இவ்வாறு ஆவது இலங்கைக்கே உரிய விதியன்று. 1919ஆம் ஆண்டின் ஜெர்மானிய அரசியலமைப்பு தன் 48ஆம் பிரிவினால் சனாதிபதிக்கு அவசர அதிகாரம் அளித்தது. 1933 பெப்ரவரி 28ஆம் நாள் அதே பிரிவைக் கொண்டு குடிமக்களின் உரிமைகள் நிறுத்தப்பட்டன. இந்தியாவில் 1975ஆம் ஆண்டு யூனில் அவசரநிலை வந்தது. 1976 ஏப்பிரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஐவருள் நால்வர், அக்காலத்தில் ஆட்கொணர்வு மனுக் கேட்கும் உரிமையே இல்லை என்றனர். எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்துரைத்தார். அப்பெரும்பான்மைத் தீர்ப்புத் தவறென்று அதே நீதிமன்றம் ஒப்ப 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவற்றோடு நோக்கின் 1937இல் கொழும்பு நீதிமன்றம் ஒரு குடியேற்ற நாட்டில் உரைத்தது எத்துணைப் பெரிதென்பது புலனாம்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு நிறைவேற்றதிகாரமுள்ள சனாதிபதி பதவியை உண்டாக்கியது. பிரதமரின் ஆலோசனையாலன்றி இயங்காத மகாதேசாதிபதியின் கைக்கென அளந்து தைத்த சட்டை, மக்களால் நேரே தெரிவாகும் ஒருவரின் தோளுக்கு மாற்றப்பட்டது. அரசியலமைப்பின் 155ஆம் உறுப்புரை சில எல்லைகளை வகுத்தது: விதிகள் பிற சட்டங்களை மேலிடலாம், அரசியலமைப்பை மேலிடலாகாது, பிரகடனம் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் பெறாவிடின் பதினான்கு நாட்களில் ஒழியும். ஆனால் 1987இன் பதின்மூன்றாந் திருத்தம், அதிகாரப் பரவலாக்கத்துக்கென வந்த அத்திருத்தமே, பிரகடனத்தை எந்த நீதிமன்றிலும் வினவலாகாது என்ற விலக்கை அரசியலமைப்புக்குள்ளேயே ஏற்றிவைத்தது. ஒரு கையால் மாகாணங்களுக்குக் கொடுத்தது, மறுகையால் எதை எடுத்தது என்பதைப் பலர் கவனித்திலர்.

அவசரகாலம் மக்களைக் காக்கும் என்பது அதற்காகச் சொல்லப்படும் நியாயம். 1983 மே 18ஆம் நாள் அவசரநிலை பிரகடனமாயிற்று. யூலை இறுதியில் வன்முறை வெடித்தபோது படைகளுக்கும் பொலிசார்க்கும் வேண்டிய அதிகாரம் யாவும் முன்னரே கையிலிருந்தது. பதுளையும் நுவரெலியாவும் எரிந்தன. அதிகாரக் குறைவினால் அவை எரியவில்லை. 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ முகாமில் அரசின் காவலில் வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபத்தைவர்க்கு மேற்பட்டோர் ஊர்க்கும்பலால் கொல்லப்பட்டபோதும், காவற்பொலிசார் அங்கேயே இருந்தனர். மறுபுறம், 1977 மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்து நிலத்துக்காக நின்ற சிவனு லட்சுமணன் சுடப்பட்டபோது அவசரகாலம் நீங்கி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. துப்பாக்கிக்கு அவசரச் சட்டம் எப்போதும் தேவைப்படுவதில்லை. ஆகவே அவசரச் சட்டத்தின் எல்லையொன்றே எல்லாவற்றையும் காக்கும் என்று எண்ணுதலும் பிழை.

இருளிற் சில விளக்குகளும் எரிந்தன. 1987இல், தமிழரான பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைமையில் உயர் நீதிமன்றம், துண்டுப்பிரசுரம் வழங்கப் பொலிசாரின் அனுமதி வேண்டுமென்ற அவசரகால விதியொன்றைச் செல்லாதென்றது. பிரகடனத்தை வினவ வாயில்லாதபோதும் விதியை வினவலாம் என்பது அதன் பொருள். 2015இன் பத்தொன்பதாந் திருத்தம், சனாதிபதியின் உத்தியோகச் செயலுக்கெதிராகச் சட்டமா அதிபரை எதிர்த்தரப்பாக்கி அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய வழி திறந்தது. 2020இல் அவ்வழியை மூட முயன்றபோது, அதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமென நீதிமன்றம் கூற, வழி தப்பிப் பிழைத்தது.

அவ்வழியாலேயே 2022ஆம் ஆண்டின் வழக்கு வந்தது. அவ்வாண்டு யூலை 17ஆம் நாள், பதில் சனாதிபதியாயிருந்த ரணில் விக்கிரமசிங்க அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தார். சில நாட்களின் பின்னர் காலிமுகத் திடலிற் கூடியிருந்தோர் இரவோடிரவாக அகற்றப்பட்டனர். பிரேஸ்கேடில் தோன்றிய அதே திடல். பிரகடனத்துக்கெதிரான மனுக்கள் மூவர் கொண்ட ஆயத்தின் முன் வந்தன. 2025 யூலை 23ஆம் நாள் பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோவும் நீதியரசர் யசந்த கோதாகொடவும் அப்பிரகடனம் தன்னிச்சையானது, அடிப்படை உரிமைகளை மீறியது என்று தீர்த்தனர். நீதியரசர் அர்ஜுன ஒபேசேகர மாறுபட்டார். வேண்டிய அவசரம் இருந்ததா என்ற 1937இன் வினா, எண்பத்தெட்டு ஆண்டுகளின் பின் அதே நகரில் மீண்டும் கேட்கப்பட்டது.

நான்கு மாதங்கள் கழிந்து நொவெம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. மலைகள் சரிந்தன, நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர், நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் மிகவும் நொந்தன, சரிவுகளில் வெள்ளையர் காலத்திற் கட்டிய லயங்கள் மண்ணோடு போயின. 28ஆம் நாள் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தார். இம்முறை அவசரம் மெய் என்பதை மலைநாட்டார் எவரும் ஐயுறார். ஆயினும் அனர்த்தங்களுக்கெனவே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் ஒன்று உண்டு. அதன்கீழ் அனர்த்த நிலைமையை அறிவித்து மீட்புப்பணி செய்யலாம். தடுப்புக்காவலும் தணிக்கையும் அதற்கு வேண்டா. மண்ணகற்றும் இயந்திரத்துக்கும் உலர் உணவுக்கும் வேண்டிய அதிகாரம் வேறு. எழுதுவோனையும் பேசுவோனையும் கட்டும் அதிகாரம் வேறு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒரே மூட்டையிற் கட்டி வைத்தது. அரசின்மீது அவதூறு பரப்புவோர்க்கெதிராக இவ்விதிகள் பயன்படும் எனப் பிரதி அமைச்சர் ஒருவர் கூறியதும், அக்கூற்றுக்குக் கண்டனம் எழுந்ததும், அம்மூட்டையின் முடிச்சு அவிழாதிருந்ததன் விளைவே.

தீர்ப்பு வெளிவந்த நாளிலும், புயல் அடித்த நாளிலும், வினவுதல் கூடாது என்ற 3ஆம் பிரிவு சட்டப்புத்தகத்தில் எழுத்துப் பிசகாது இருந்தது.